மாயக் கதைகளும் இளம் உள்ளங்களும்

புனே நகரில் வாழும் தமிழ் அன்பர்கள் சிலர் வாரந்தோறும் ஓர் இல்லத்தில் கூடி ஆன்மிக நூல்களைப் பயின்று வருகின்றனர். அத்தகைய கூட்டம் ஒன்றில், அன்றைய பாடம் முடிந்து அனைவரும் எழுந்த வேளையில், ஓர் அன்னை தயக்கத்துடன் தம் மனக்குறையை வெளியிட்டார்.

அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. ஹாரி பாட்டர் என்னும் மாயச் சிறுவனின் கதையில் அவன் இரவு பகலாக மூழ்கியிருந்தான். உறவினர் ஒருவர், “இது சூனியம் பற்றிய புத்தகம், வெளிநாடுகளில் மதப் பெரியோர்களே இதைக் கண்டித்திருக்கிறார்கள், பூஜை நடக்கும் வீட்டில் இது இருக்கலாமா?” என்று கேட்டுவிட்டார். அஞ்சிய அன்னை புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட்டார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஆளந்திக்குச் சென்றனர். ஞானேசுவரர் அமர்ந்து வந்ததாகச் சொல்லப்படும் சுவரை மகனுக்குக் காட்டி, அதன் கதையையும் அன்னை சொன்னார். சிறுவன் கேட்டான்: “அம்மா, சுவர் நடந்தால் பக்தி, துடைப்பம் பறந்தால் பாவமா?”

“அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, ஐயா. அன்று முதல் தான் படிப்பது எதையும் அவன் என்னிடம் சொல்வதில்லை” என்று கூறி அவர் கண் கலங்கினார்.

புத்தகம் மட்டுமா பரண் ஏறியது? தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த பேச்சும் அதனோடு ஏறிவிட்டது. ஆகவே இக்கேள்வியைச் சிறுபிள்ளையின் குறும்பு என்று ஒதுக்காமல், பொறுமையோடு ஆராய்வது நம் கடமையாகும்.

எதிர்ப்பின் வரலாறு

ஜே.கே. ரௌலிங் என்னும் ஆங்கில எழுத்தாளரின் ஹாரி பாட்டர் வரிசையில் முதல் நூல் 1997-ஆம் ஆண்டிலும், ஏழாவதும் இறுதியானதுமான நூல் 2007-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாளிலும் வெளிவந்தன. புகழ் வளர்ந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வளர்ந்தது. 2001 டிசம்பர் 30-ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரில், ஒரு தேவாலயத்தின் போதகர் தம் சபையாரோடு கூடி இந்நூல்களைத் தீயிலிட்டார். அவற்றைத் தாம் படித்ததில்லை என்று அவரே கூறினார். 2002-இல் ஐக்கிய அரபு அமீரகம் தனியார் பள்ளிகளில் இந்நூல்களைத் தடை செய்தது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஒரு பள்ளி நிர்வாகம், பெற்றோரின் எழுத்துவழி அனுமதியின்றி இவற்றை மாணவர்க்குத் தரலாகாது என்று விதித்தது. 2003-இல் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டுகளில் அந்நாட்டு நூலகங்களில் மிகுதியான ஆட்சேபத்துக்கு உள்ளானவை இந்நூல்களே என அமெரிக்க நூலகச் சங்கம் பதிவு செய்துள்ளது. 2019-இல் கூடப் போலந்து நாட்டில் பாதிரியார் ஒருவர் இந்நூலையும் வேறு சில பொருள்களையும் எரித்துவிட்டு, கண்டனம் எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார்.

எனினும், மதப் பெரியோர் அனைவரும் ஒரே கருத்துடையவர் அல்லர். பிற்காலத்தில் போப்பாண்டவராக விளங்கிய கர்தினால் ராட்சிங்கர், 2003-இல் எழுதிய ஒரு கடிதத்தில், இத்தகைய கதைகளின் நுட்பமான கவர்ச்சி இளம் உள்ளத்தில் சமய உணர்வு வேரூன்றும் முன்பே அதனைத் திரித்துவிடக்கூடும் என்ற கவலையை வெளியிட்டார். அதே ஆண்டில் வாடிகனில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், பாதிரியார் பீட்டர் பிளீட்வுட் இந்நூல்களில் தீங்கு இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார். நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸும், மோதிரக் கதைகளை எழுதிய டோல்கினும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையுடையவர்கள் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

நம் நாட்டில் நடந்ததோ வேறு. 2007-ஆம் ஆண்டு துர்கா பூஜையின்போது கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதி அன்பர்கள், ஹாரி பாட்டர் பயிலும் மாயப் பள்ளியின் கோட்டையையே அன்னைக்குப் பந்தலாக அமைத்தனர்! அதற்கு ஆட்சேபம் எழுப்பியவர்கள் மதத் தலைவர்கள் அல்லர். பதிப்புரிமை கோரிய நூலாசிரியர் தரப்பினரே. அவ்வழக்கில் பந்தல் தொடர்ந்து நிற்கத் தில்லி உயர் நீதிமன்றம் இசைவளித்தது.

எதிர்ப்பில் உள்ள உண்மை

எரிப்பதை நாம் ஏற்கவில்லை என்பதால், எதிர்ப்பில் உண்மையே இல்லை என்று எண்ணுதல் பிழையாகும். இளம் மனம் ஈரக் களிமண் போன்றது; முதலில் பதியும் வடிவம் நெடுங்காலம் நிற்கும். உழைப்பின்றி ஒரு கோலை அசைத்தால் விரும்பியது கிட்டும் என்ற ஆசை குழந்தைக்கு இனிமையானது. பகைவனை ஒரு சொல்லால் வீழ்த்தும் கற்பனை, பள்ளியில் அவமானப்பட்ட சிறுவனுக்கு இன்னும் இனிமையானது. ஆற்றலின் மீது எழும் இந்த மயக்கத்தைக் குறித்துப் பெரியோர் கவலைப்படுவது இயல்பே. இவ்வரிசையின் பிந்தைய நூல்களில் மரணமும் கொடுமையும் மிகுதி. பத்து வயதில் ஏற்றதும் பதினான்கு வயதில் ஏற்றதும் ஒன்றல்ல.

ஆயினும், கதை என்று அறிந்து படிக்கும் மாயம் வேறு. உண்மை என்று நம்பி ஏமாறும் மாயம் வேறு. மந்திரம், ஏவல் என்ற பெயரால் மக்களை வஞ்சிப்போரை எதிர்த்து வந்த மருத்துவர் நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20-ஆம் நாள் இதே புனே நகரில் காலை நடைக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் மகாராஷ்டிர அரசு நரபலி, பில்லிசூனியம் முதலியவற்றுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் தேவைப்பட்டது சிறுவர்களின் கதைப் புத்தகங்களால் அன்று. வளர்ந்தவர்களின் அச்சத்தாலும் பேராசையாலும்தான். குழந்தை கதையை மூடி வைத்துவிட்டு உணவருந்த வருகிறது. கதைக்கும் உண்மைக்கும் உள்ள எல்லையைப் பல வேளைகளில் மறப்பவர் நாமே அல்லவா?

ஆளந்தியின் பாடம்

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். சுவர் நடந்த கதை எதற்காகச் சொல்லப்படுகிறது?

சாங்தேவர் யோக சித்திகளில் தேர்ந்தவர். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது மரபு. இளைஞரான ஞானேசுவரரின் புகழைக் கேள்வியுற்ற அவர், கடிதம் எழுத முனைந்தார். வயதில் சிறியவரை எப்படி விளிப்பது, ஞானத்தில் பெரியவரை எப்படி விளிப்பது என்று தெரியாமல், வெற்றுத் தாளையே அனுப்பிவைத்தார். அதைக் கண்ட தங்கை முக்தாபாய், இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தும் இவர் இத்தாளைப் போலவே வெறுமையாக இருக்கிறாரே என்று நகைத்தாளாம். பின்னர்ப் புலி மீதேறி, பாம்பைச் சாட்டையாக ஏந்தி, சீடர் படை சூழ அவர் ஆளந்திக்கு வந்தார். உடன்பிறந்தோர் நால்வரும் அமர்ந்திருந்த குட்டிச்சுவர் அவரை எதிர்கொள்ள நகர்ந்தது. சாங்தேவர் புலியினின்று இறங்கி வணங்கினார்.

இக்கதையில் மாயம் இருதரப்பிலும் உண்டு. ஆனால் கதையின் உயிர் அதில் இல்லை. ஆற்றல் ஞானத்தின் முன் தலைவணங்கியதிலேயே உள்ளது. சித்திகள் ஆன்ம சாதனைக்கு இடையூறு என்பதே யோக நூலில் பதஞ்சலி முனிவர் விடுக்கும் எச்சரிக்கையும் ஆகும்.

இதே அளவுகோலால் அந்த ஆங்கிலக் கதையையும் அளந்து பார்ப்போம். அதில் தீயவன் யார்? மரணத்தை வெல்லும் ஆசையால் தன் ஆன்மாவையே துண்டு துண்டாகச் சிதைத்துக்கொண்டவன். நாயகனைக் காத்தது எது? அவனுக்காகத் தன்னுயிரை ஈந்த தாயின் அன்பு. முடிவில் என்ன செய்கிறான்? இறந்தோரைத் தோன்றச் செய்யும் கல்லைக் காட்டில் நழுவ விடுகிறான்; பிறரைக் காக்கத் தன் மரணத்தை நோக்கி நடக்கிறான்; உலகிலேயே வலிமை மிக்க மாயக்கோல் கைக்கு வந்தபோதும் வேண்டாம் என்று துறக்கிறான். ஏழாம் நூலில் கல்லறைகளின் மீது விவிலிய வாசகங்களே பொறிக்கப்பட்டுள்ளன. எரித்தவர்கள் இறுதிவரை படித்திருந்தால், தங்களுக்கு உறவான ஒரு குரலை அதில் கேட்டிருக்கக்கூடும்.

ஆகவே அச்சிறுவனுக்குரிய விடை இது: சுவர் நடப்பதும் துடைப்பம் பறப்பதும் தம்மளவில் பக்தியும் அல்ல, பாவமும் அல்ல. அக்கதையில் எது எதற்குத் தலைவணங்குகிறது என்று பார். அன்பும் ஞானமும் ஆற்றலுக்குப் பணிந்தால் அக்கதை நம்மைத் தாழ்த்தும். ஆற்றல் அவற்றுக்குப் பணிந்தால் நம்மை உயர்த்தும்.

இந்திராயணியும் தில்லையும்

ஆளந்தியைத் தொட்டு ஓடும் இந்திராயணி நதியின் கரையிலேயே தேஹு என்னும் ஊரும் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த துக்காராமின் பாடல்களைச் சாத்திரப் பண்டிதரான ராமேசுவர பட்டர் எதிர்த்தார். சுவடிகள் ஆற்றில் அமிழ்த்தப்பட்டன. துக்காராம் உண்ணாமல் கரையில் கிடக்க, பதின்மூன்று நாள்களுக்குப் பின் அவை நனையாமல் மிதந்து வந்தன என்பது அடியார் வழக்கு. பின்னாளில் அந்தப் பண்டிதரே துக்காராமின் சீடரானார். நூலை அழிப்பது எளிது. அது தவறு என்று பின்னர் உணர்ந்தால் அதனை மீட்பது அரிது. தெய்வம் எல்லா நூல்களையும் கரைசேர்க்கும் என்று நாம் இருந்துவிட முடியுமா?

இதற்கு மாறான வழியைத் தமிழகம் கண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ மன்னன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தான். அரசி மயிற்பொறியில் ஏறி வான்வழியே தப்பும் வியப்பும், காதலும், வீரமும் நிறைந்த சமண காவியம் அது. சைவரான அமைச்சர் சேக்கிழார் அதை ஆட்சேபித்தார் என்று அவர் வரலாறு கூறும். ஆனால் அவர் ஏட்டைக் கொளுத்தச் சொல்லவில்லை. “அங்ஙனமாயின் எதைப் படிப்பது?” என்று மன்னன் கேட்டபோது, தில்லை சென்று பெரியபுராணத்தைப் பாடித் தந்தார். ஓர் ஆட்சேபம் ஒரு காவியமாக மலர்ந்தது!

சிந்தாமணியும் அழியவில்லை. 1887-இல் அதனை ஆராய்ந்து அச்சேற்றியவர், சைவ மடத்தில் பயின்ற உ.வே. சாமிநாதையர். சமண நெறியின் நுட்பங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுக் கற்று, அவர் அப்பணியை நிறைவேற்றினார். நல்லதைப் படைத்துத் தருதலும், பிறருடையதை மதித்துப் பயிலுதலும் ஒரே மரபின் இரு கைகள்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, குழந்தை படிக்கும் நூலைப் பெற்றோர் முதலில் படிக்க வேண்டும். படியாமல் கூறும் தீர்ப்பு, பிள்ளையின் கண்ணில் நம் மதிப்பைக் குறைக்கும்.

இரண்டாவது, உடன் அமர்ந்து படிக்க வேண்டும். “இவன் ஏன் அந்தக் கோலை வேண்டாம் என்றான்? நீ என்ன செய்திருப்பாய்?” என்ற கேள்விகள், தடையுத்தரவு செய்ய இயலாததைச் செய்யும்.

மூன்றாவது, வயதுக்கு ஏற்பத் தர வேண்டும். “இது கூடாது” என்பதைவிட “இது இரண்டாண்டு கழித்து” என்பது பிள்ளையால் ஏற்கத்தக்க சொல்.

நான்காவது, நம் கதைகளையும் சுவையோடு சொல்ல வேண்டும். கண்ணப்பரையும் துருவனையும் தேர்வுப் பாடம்போல் ஒப்புவித்தால், குழந்தை வேறு கதையைத் தேடிச் செல்வதில் வியப்பென்ன? சேக்கிழார் மன்னனுக்குத் தந்தது அறிவுரை அன்று. சிந்தாமணியைவிடத் தம் உள்ளத்துக்கு இனித்த ஒரு காவியம்.

ஐந்தாவது, கதைக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை நம் நடத்தையால் காட்ட வேண்டும். தாயத்துக்கும் குறுக்குவழிப் பரிகாரங்களுக்கும் நாம் அலைந்துகொண்டு, பிள்ளையிடம் மந்திரக் கதை படிக்காதே என்பது பொருந்தாது.

கூட்டத்தில் இருந்த மூத்த அன்பர் அந்த அன்னையிடம் சொன்னது சில சொற்களே: “புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள், அம்மா. அவனிடம் கொடுக்கும் முன் நீங்கள் படியுங்கள். புரியாததை அவனிடமே கேளுங்கள்.”

சில வாரங்களுக்குப் பின் அவர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “மூன்றாம் அத்தியாயம் வரை வந்திருக்கிறேன். பெயர்கள்தாம் வாயில் நுழையவில்லை, அவன்தான் திருத்துகிறான். நேற்று அவனாகவே, ‘சாங்தேவர் புலியை விட்டு இறங்கிய பிறகு புலி என்ன ஆயிற்று, அம்மா?’ என்று கேட்டான்” என்றார். அக்கேள்விக்கும் அவரிடம் விடை இல்லை. ஆனால் மகன் மீண்டும் பேசத் தொடங்கிவிட்டான்.

நம் இல்லங்களிலும் பரண் ஏறிய புத்தகங்களும் பேச்சுகளும் இருக்கக்கூடும். அவற்றை இறக்கித் தூசு தட்டும் துணிவையும், பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கும் பொறுமையையும் இறைவன் நமக்கு அருள்வாராக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் பிள்ளை கடைசியாக விரும்பிப் படித்த நூல் எது? அதை நீங்கள் படித்திருக்கிறீர்களா?

2. சாங்தேவர் கதையில் உங்களைக் கவர்வது நகர்ந்த சுவரா, இறங்கி வணங்கிய மனிதரா?

3. ஒன்றை வேண்டாம் என்று நீங்கள் மறுத்தபோது, அதனினும் சிறந்த எதைக் கொடுத்தீர்கள்?