களிமண்ணில் கார் ஷெட்: தரைக்கு எதைப் போடுவது?

தஞ்சாவூர்ப் பக்கம் கார் ஷெட்டுக்குத் தரை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சிமென்ட் எத்தனை மூட்டை ஆகும்?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, கீழே என்ன மண் என்று. வல்லம் மேட்டிலும், புது ஆறு பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் பெரும்பாலும் செம்மண். அங்கே எதைப் போட்டாலும் ஓரளவுக்கு நிற்கும். பாபநாசம், கும்பகோணம், திருவாரூர் என்று பழைய டெல்டாவுக்குள் இறங்கினால் களி. ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண். 4 அங்குலக் கான்கிரீட்டை அப்பளம் போல உடைத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் மண்ணை வீட்டிலேயே சோதிக்கலாம். 2 அடி ஆழத்து மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்துச் சலித்து, ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ரெண்டு ரெண்டு ஸ்பூன் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். தண்ணீர் டம்ளரில் படிந்த மண், மற்றதைப் போல ஒன்றரை மடங்கு உயரம் நின்றால் அந்த இடத்தில் நேரடியாகக் கான்கிரீட் போடவே கூடாது. மண் பரிசோதனைக் கூடங்களில் செய்வதும் ஏறக்குறைய இதேதான். அங்கே அளவுகள் துல்லியமாக இருக்கும், அவ்வளவே.

களி என்று தெரிந்துவிட்டால், எந்தத் தரையைத் தேர்ந்தெடுத்தாலும் அடிவேலை ஒன்றுதான். ஒன்றரை அடி தோண்டி, அடியில் கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து இடித்துவிடுங்கள். களியோடு சேர்ந்து அதன் உப்பலைக் குறைப்பது சுண்ணாம்பு; சிமென்டைக் களியில் சரியாகக் கலக்கவே முடியாது. அதன் மேல் ஒரு அடிக்குக் கிராவல், 4 அங்குலம் 4 அங்குலமாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். 10-க்கு 18 அடி ஷெட்டுக்கு 2 யூனிட்டுக்கு மேலேயே கிராவல் இழுக்கும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடுத்த மழையில் அமுங்கிவிடும்.

இனி மேல்தரை. என் ஓட்டு ஜல்லியும் டஸ்டும் சிமென்டும் கலந்த தரைக்குத்தான். கிரஷரில் வெட்மிக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். இல்லையென்றால் முக்கால் ஜல்லி, சிப்ஸ், டஸ்ட் மூன்றையும் நாமே கலந்துகொள்ளலாம். சாலைக்குக் கூர்விளிம்புள்ள சிறு ஜல்லி போதும், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம். பாரத்தைத் தாங்குவது அடிமண்தான், அது ஈரமாகாமல் பார்த்துக்கொள் என்பதும் அவர் பேச்சுதான். நம் ஊர்க் களிக்கென்றே சொன்னது போல இருக்கிறது. இந்தக் கலவையில் எடைக்கு 6 சதவீதம் சிமென்ட் சேர்த்தால் 4 அங்குலத் தரைக்கு நான்கைந்து மூட்டை ஆகும். அதே தரையை 1:2:4 கான்கிரீட்டாகப் போட்டால் 11 மூட்டை.

தண்ணீர் அளவுதான் இதில் வித்தை. கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். உள்ளங்கை ஈரமாகலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. தண்ணீர் விட்டதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் பரப்பி, மட்டப்பலகை இழுத்து, வாடகைக்குக் கிடைக்கும் பிளேட் வைப்ரேட்டரால் இடித்து முடித்துவிட வேண்டும். காலையில் கலந்துவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடிக்கலாம் என்றால் சிமென்ட் வீண். உலர் கலவையைப் பரப்பிவிட்டு மேலே பைப்பால் தண்ணீர் அடிக்கும் முறையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். மேலே சேறு, அடியில் காய்ந்த பொடி. கார் நிற்கும் இடத்துக்கு அது ஆகாது.

இந்தத் தரைக்குக் குறை உண்டு. டயர் திரும்பும் இடத்தில் மேல்பரப்பு மெல்லப் பொடி உதிரும், எண்ணெய்க் கறையும் இறங்கும். அது பொறுக்காதவர்கள் இரண்டு வருடம் கழித்து அதன் மேலேயே மணல் படுக்கை போட்டுப் பேவர் பிளாக் பதிக்கலாம். ஆனால் அந்த உயரத்தைக் கதவுக்குக் கீழே இப்போதே விட்டுவைக்க வேண்டும்.

பேவர் பிளாக்கையே முதலில் போடுவதும் களிக்கு நல்லதுதான். மண் உப்பினால் அந்த இடத்துக் கற்களை மட்டும் பெயர்த்து மட்டம் செய்துகொள்ளலாம். காருக்கு 60 மி.மீ. கனம் போதும். நாலு பக்கமும் கட்டைச் சுவர் இல்லாவிட்டால் ஓரம் விலகிவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட பழைய தரைமுறை நடக்கிற இடத்துக்கு அருமை. சக்கரத்துக்குக் கீழே நொறுங்கும்.

கான்கிரீட் வேண்டும் என்றால் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் சொல்வேன். 6 அங்குலக் கனம், 1:1½:3 கலவை, 9 அடிக்கு ஒரு ஜாயிண்ட். எம்.சாண்டுக்குப் பதில் டஸ்டைத் தள்ளிவிடுவார்கள். வெட்மிக்ஸுக்கு நல்லதான டஸ்ட் கான்கிரீட்டுக்கு ஆகாது. ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டில் தண்ணீரில் குலுக்கி வையுங்கள். மேலே பால் போல மாவு தடிமனாகப் படிந்தால் லோடைத் திருப்பி அனுப்பலாம். எந்தக் கனத்தில் போட்டாலும் கேஜ் வீலோடு உள்ளே ஏற்றினால் தரை தாங்காது.

எந்தத் தரையானாலும் 18 அடிக்கு 3 அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் விடுங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் இடையில் அரை அங்குலத் தெர்மாகோல் வையுங்கள். வீடு ஆழ அஸ்திவாரத்தில் நிற்கும், ஷெட் தரை ஏறி இறங்கும். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் அந்த மூலை இன்னும் அதிகம் ஆடும், வேர் ஈரத்தை உறிஞ்சும்.

வேலைக்கு நல்ல காலம் தையும் மாசியும். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், மழையும் ஓய்ந்திருக்கும். களி சேறாகவும் இருக்காது, வெடித்தும் இருக்காது. சித்திரையில் வெடித்த களி மேல் போட்ட தரையை ஐப்பசியில் மண் தூக்கிவிடும். சம்பா அறுவடை நேரம், ஆள் கிடைப்பது சிரமம்தான். வைக்கோல் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதைத் தரை மேல் பரப்பி 10 நாள் காயாமல் நனைத்துக்கொண்டே இருங்கள். காரை அதற்கும் பிறகு, இரண்டு வாரம் கழித்து ஏற்றினால் போதும்.