கடைமடையும் கணிப்பொறியும்

மேட்டூரில் திறந்த நீர் கல்லணை கடந்து கடைமடையை எய்துமுன் வழியிலேயே குறைவுபடுதலைத் தஞ்சைத் தரணியில் வாழும் நாம் நன்கறிவோம். கணிப்பொறியிலும் அத்தகைய வழிச்செலவு ஒன்றுண்டு. கணக்கிடுவதற்கேயன்றி, ஒரு சில்லிலிருந்து மற்றொன்றிற்குச் செய்தியைக் கொண்டு சேர்ப்பதற்கும் மின்னாற்றல் செலவாகின்றது. 2024-ஆம் ஆண்டில் தரவு மையங்கள் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தை நுகர்ந்தன. ஆதலின் இச்செலவு புறக்கணிக்கத் தக்கதன்று.

இதனைக் குறைக்கும் வழிகளுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, மின்னழுத்தத்தின் ஏற்றவிறக்கத்தைச் சிறிதாக்கல். கம்பியில் மின்னேற்றும் ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் செலவு காற்பங்காகும். ஆயின் சிறிய குறி இரைச்சலில் மறையக்கூடும். அதன்பொருட்டு, ஒரே செய்தியை இரு கம்பிகளில் எதிரெதிராக விடுத்து, வேறுபாட்டை மட்டுமே கொள்வர். இரண்டிலும் ஒருங்கே படியும் இரைச்சல் கழிந்துவிடும். எல்.வி.டி.எஸ். முறையில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 350 மில்லிவோல்ட்டே.

இரண்டாவது, வழியைக் குறுக்கல். 2013-இல் தரப்படுத்தப்பெற்ற எச்.பி.எம். நினைவகம் செயலியின் அருகே ஒரே உறைக்குள் அமைதலால், இடைவழி சில மில்லிமீட்டர் அளவிற்றாயிற்று.

மூன்றாவது, நம் முறைப்பாசனம் போல்வது: செய்தியில்லாப் பொழுது இணைப்பை உறங்கவைத்தல். ஆனால் அது விழித்தெழச் சிறிது காலம் வேண்டும்; அடிக்கடி உறங்கின் விரைவு கெடும்.

எல்லா மதகுகளையும் எப்பொழுதும் திறந்து வைப்பவன் நல்லுழவன் அல்லன். விரைவைப் போற்றும் மாணவராகிய நாம், அவ்விரைவின் செலவையும் எண்ணக் கடவோம்.