கல்லாவில் நின்று கற்கும் ஆங்கிலம்: “யெஸ்” எப்போது? “நோ” எப்போது?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் நம் வணிக நண்பர்களுக்கு ஆங்கிலம் காதில் விழாத நாளில்லை. அதிலும் கார்த்திகை தீபம் முதல் மாசி மாதம் வரை வெளிநாட்டு அன்பர்கள் வந்து தங்கும் காலத்தில் மளிகைக் கடையிலும் பழக்கடையிலும் ஆங்கிலம்தான். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருவோரிடம் பேசவும், தெலுங்கு தெரியாதவர்களுக்கு அதுவே துணை.

இலக்கணப் புத்தகம் வாங்கிப் பத்துப் பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் நம்மில் பலர். கடைக்காரருக்கு முதலில் வேண்டியது இலக்கணமல்ல, உரையாடல். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதுபோல் எழுதியதை வாய்விட்டுப் படித்தால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதும் சேர்ந்து மனதில் பதியும்.

இந்த ஊருக்கு இது புதிய முறையுமல்ல. பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட நூலைப் படித்து மேல்நாட்டார் பலர் ரமண மகரிஷியைத் தேடி வந்தார்கள். மகரிஷி ஆங்கிலம் படித்தவர். ஆனாலும் பெரும்பாலும் நம் தென்னாட்டு மொழிகளில்தான் பதில் சொல்வார். உடனிருப்பவர்கள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார்கள். 1935 முதல் 1939 வரை நடந்த அந்தக் கேள்வி பதில்களை முனகால வெங்கடராமையா எழுதி வைத்தார். அது இன்றும் உலகமெங்கும் படிக்கப்படும் உரையாடல் நூல். அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இருந்தார்கள். நம் கல்லாவில் கடைக்காரரும் நாமே, மொழிபெயர்ப்பாளரும் நாமே.

உரையாடல் 1: சாதாரண வியாபாரம்

கடைக்காரர்: குட் மார்னிங். வாட் வுட் யூ லைக்? – வணக்கம். என்ன வேண்டும்?
வாடிக்கையாளர்: டூ யூ ஹேவ் யோகர்ட்? – தயிர் இருக்கிறதா?
கடைக்காரர்: சாரி, இட் இஸ் சோல்ட் அவுட். இட் வில் கம் அட் ஃபோர். – தீர்ந்துவிட்டது. நாலு மணிக்கு வரும்.
வாடிக்கையாளர்: ஓகே. ஹவ் மச் ஆர் தி பனானாஸ்? – வாழைப்பழம் என்ன விலை?
கடைக்காரர்: ஃபிஃப்டி ருபீஸ் எ டஜன். ஃபைவ், ஜீரோ. – டஜன் ஐம்பது ரூபாய்.

கவனிக்க வேண்டியவை: “வாட் யூ வான்ட்?” என்பது அவர்கள் காதுக்கு அதட்டுவதுபோல் கேட்கும். “வாட் வுட் யூ லைக்?” என்பதே மரியாதை. ஃபிஃப்டீன் (15), ஃபிஃப்டி (50) இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால், எண்ணைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். அல்லது கால்குலேட்டரில் காட்டுங்கள். விலைத் தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உரையாடல் 2: உயிர் சம்பந்தப்பட்டது

வாடிக்கையாளர்: தேர் ஆர் நோ பீனட்ஸ் இன் திஸ், ரைட்? – இதில் நிலக்கடலை இல்லைதானே?

கையில் இருப்பது நம் வீட்டில் அரைத்த பருப்புப் பொடி. அதில் கடலை சேர்த்திருக்கிறோம். தமிழில் என்ன சொல்வோம்? “இல்லைங்க, இருக்கு” என்போம். அதே வழக்கத்தில் “நோ” என்று வாயில் வந்துவிடும். அவர் காதில் விழுவது “கடலை இல்லை” என்பது. வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுவார். கடலை ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறிதளவு கடலையே தொண்டை வீங்கி மூச்சடைக்கச் செய்யலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம்.

காரணம் எளிது. தமிழில் நாம் கேட்பவர் சொன்னது சரியா தவறா என்று பார்த்து “ஆமாம்”, “இல்லை” என்கிறோம். ஆங்கிலத்தில் பொருள் இருந்தால் “யெஸ்”, இல்லாவிட்டால் “நோ”. கேள்வி எப்படி இருந்தாலும் இதுதான் விதி. தலையை இருபுறமும் ஆட்டுவதும் அவர்களுக்குப் புரியாது. ஆகவே யெஸ், நோ என்று நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இருந்தால்: யெஸ், இட் ஹேஸ் பீனட்ஸ்.
இல்லாவிட்டால்: நோ, இட் டஸ் நாட் ஹேவ் பீனட்ஸ்.
நிச்சயமில்லை என்றால்: ஐ அம் நாட் ஷ்யூர். ப்ளீஸ் டோன்ட் டேக் இட். – எனக்கு உறுதியாகத் தெரியாது. வாங்க வேண்டாம்.

பாக்கெட் சரக்கில் நிலக்கடலை, பால், கோதுமை போன்றவை இருந்தால் லேபிளில் அச்சிட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி. அதை எடுத்துக் காட்டலாம். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பொடிக்கும் முறுக்குக்கும் லேபிள் ஏது? கடைக்காரர் வாய்ச்சொல்தான் லேபிள். கடலை எண்ணெயில் சுட்ட முறுக்கானால் அதையும் சொல்லிவிடுங்கள்: இட் இஸ் ஃப்ரைட் இன் பீனட் ஆயில். ஒரு வியாபாரம் போனாலும் நம்பிக்கை நிற்கும்.

சரக்கின் பெயர்கள்

நாம் பள்ளியில் படித்த பெயர் வேறு, அவர்கள் கேட்கும் பெயர் வேறாக இருக்கலாம்.

தயிர்: கர்ட் – யோகர்ட்
நிலக்கடலை: கிரவுண்ட்நட் – பீனட்
நல்லெண்ணெய்: ஜிஞ்சலி ஆயில் – செசமி ஆயில்
கத்தரிக்காய்: பிரிஞ்சால் – எக்பிளான்ட்
வெண்டைக்காய்: லேடீஸ் ஃபிங்கர் – ஓக்ரா
கேழ்வரகு: ராகி – ஃபிங்கர் மில்லட்

பழகும் முறை

காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம் போதும். தகப்பன் கடைக்காரராகவும் மகன் வாடிக்கையாளராகவும் வாய்விட்டுப் படியுங்கள், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். கடைப் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் கல்லாவில் நிற்பவர் அவர்தானே! வாடிக்கையாளர் கேட்ட புதிய கேள்வியைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே குறித்து, பதிலையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு சீசன் முடிவதற்குள் உங்கள் கடைக்கென்றே ஒரு உரையாடல் புத்தகம் தயாராகிவிடும்.

கூச்சம் வேண்டாம். இங்கு வரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் நம்மைப்போல் ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்களே. சின்ன வாக்கியம் அவர்களுக்கும் சுலபம்.

பயிற்சி

“டோன்ட் யூ ஹேவ் மில்க்?” – பால் இல்லையா? – என்று கேட்கிறார். கடையில் பால் இல்லை. என்ன சொல்வீர்கள்?

விடை: நோ, வீ டோன்ட் ஹேவ் மில்க். “ஆமாம், இல்லை” என்ற நினைப்பில் “யெஸ்” என்றால், அவர் பாலுக்காகக் காத்து நிற்பார்!