விலையில்லா லேப்டாப்பில் ஓடுமா?

அன்புள்ள தங்கைக்கு,

விராலிமலையில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் கேம் செய்யப் புறப்பட்டிருக்கும் உன் வயதுக்காரர்களிடம் பொதுவாக ஒரு புலம்பல் இருக்கிறது. ஜனங்கள் கையில் இருப்பதெல்லாம் அரதப்பழசான பெட்டிகள், அவை ஒழிகிறவரை கம்ப்யூட்டருக்கு உருப்படியான கேம் வராது என்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பிளேஸ்டேஷனுக்கு முதலில் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர்காரர்களைக் காக்க வைப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிற புலம்பல்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் எது என்று பிரித்துப் பார்க்காமல் முழுசாக நம்பிவிட்டால், உன் கேம் யாருக்காக என்கிற கேள்விக்கே தப்பான பதில் வந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாமதத்திலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டர் இருந்த ஊரிலெல்லாம் ஓடிய ஜிடிஏ வைஸ் சிட்டியை எடுத்துக்கொள். பிளேஸ்டேஷன் 2-க்கு அது 2002 அக்டோபரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2003 மே மாதம். ஏழு மாத இடைவெளி. பெட்டி பழசு என்பதால் வந்த தாமதமா இது? பிளேஸ்டேஷன் 2-க்குள் இருந்த மெமரி 32 எம்பி, பிராசஸர் வேகம் 300 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. கம்ப்யூட்டர் பதிப்பு கேட்ட குறைந்தபட்ச மெமரியோ 128 எம்பி. அதாவது அந்தக் கேமை ஓட்டியதிலேயே ஏழைக் கம்ப்யூட்டரும் பிளேஸ்டேஷனைப்போல் நாலு மடங்கு மெமரி வைத்திருந்தது. அப்படியும் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸுக்கும் அதே கதை, 2004 அக்டோபர், 2005 ஜூன். ஜிடிஏ 5-க்கு இடைவெளி 19 மாதம் ஆயிற்று. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு ஒரு வருஷத்துக்கு மேல். கம்ப்யூட்டர் முந்தி நின்ற காலத்திலும் தாமதம் இருந்தது, சமமாக நின்ற காலத்திலும் இருந்தது. இரண்டு காலத்திலும் மாறாமல் நின்ற ஒரு வழக்கத்துக்கு, ஒரு காலத்தில் மட்டும் பொருந்துகிற காரணத்தைச் சொன்னால் எப்படி எடுபடும்?

கம்ப்யூட்டர் பதிப்பைக் கஷ்டமாக்குவதில் பெட்டியின் வயதைவிட அதன் வகைக்குத்தான் பங்கு அதிகம். பிளேஸ்டேஷன் என்றால் ஒரே பெட்டி. லட்சம் வீட்டில் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றேதான். கம்ப்யூட்டரில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, டிரைவர், ரேம், டிஸ்க், விண்டோஸ் பதிப்பு என்று ஒவ்வொன்றும் வேறு வேறாக வந்து சேர்கிறது. அந்தச் சேர்க்கைகளைச் சோதித்து முடிக்க ஆளும் வேண்டும், காலமும் வேண்டும். 2015 ஜூனில் பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் கம்ப்யூட்டர் பதிப்பு வந்த சில நாளிலேயே விற்பனையிலிருந்து இறக்கப்பட்டது. அப்போது கடையில் கிடைத்த விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் கம்ப்யூட்டருக்கு வந்தபோதும் புதுப் பெட்டிக்காரர்களே நொந்துபோனார்கள். பழைய பெட்டிகளையெல்லாம் ஒரே ராத்திரியில் காயலான் கடைக்கு அனுப்பியிருந்தாலும் இந்த இரண்டு கேமும் அதே நிலையில்தான் வந்திருக்கும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. பழைய பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு கம்பெனி நினைத்தால், அதைத் தடுக்க யாராலும் முடிவதில்லை. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருந்தால்தான் திறக்கும் என்று சொல்லிவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான ஆர்டிஎக்ஸ் கார்டுகள் 2018-இல்தான் வந்தன என்பதால், அதற்கு முந்தைய என்விடியா கார்டுகள் அத்தனையும் வாசலிலேயே நின்றன. 2023-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 கார்டுகளையும் 32-பிட் விண்டோஸையும் மேக்கையும் கேமைச் செய்த வால்வ் கம்பெனி ஒரே வெட்டில் விட்டது. மூன்றும் சேர்ந்து ஆடுகிறவர்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று கணக்கும் சொன்னது. இதற்கு நேர் எதிரே 2020-இல் வலோரன்ட் வந்தது. குறைந்தபட்சத் தேவையாக அது கேட்டது 2008-ஆம் வருஷத்துக் கோர் 2 டியோ, போர்டோடு வரும் இன்டெல் கிராபிக்ஸ் மட்டும்தான், அதிலேயே 30 ஃப்ரேம் வரும் என்றது. ஏழைப் பெட்டி மேல் அந்தக் கம்பெனிக்கு இரக்கம் சுரந்துவிட்டது என்று எண்ணாதே. இலவசமாக ஆடவிட்டு உள்ளே சாமான் விற்கிற கடைக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் பழைய பெட்டியில் இருந்தது. ஆக, யாரை உள்ளே விடுவது, யாரை விடாமல் இருப்பது என்பது கணக்குப் பார்த்து எடுக்கிற வியாபார முடிவு. அந்த முடிவை எடுத்தவர்களே பிறகு பெட்டி மேல் பழியைப் போடும்போது நான் நம்பத் தயாராக இல்லை.

சரி, நம் கூட்டம் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் கடை மாதாமாதம் வெளியிடுகிற கணக்கெடுப்பில் 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 பல வருஷம் முதலிடத்தில் இருந்து, 2022 கடைசியில்தான் இறங்கியது. அப்போதும் அதை இறக்கியது புதுசாக வந்த பெரிய கார்டு எதுவும் இல்லை, 2019-இல் வந்த மலிவான 1650. அந்தக் கணக்கெடுப்பிலும் விராலிமலை, இலுப்பூர், மணப்பாறைப் பெட்டிகள் அவ்வளவாக விழாது. ஸ்டீம் கணக்கு வைத்திருக்கிறவர்களில் ஒரு பகுதியைத்தான் அது கேட்கிறது. நம் பக்கம் பரவலாகக் கிடக்கிற கம்ப்யூட்டர் எதுவென்று உனக்கே தெரியும். 2011 செப்டம்பர் 15 தொடங்கி அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் அது. அரைக் கோடிக்கு மேல் போயிருக்கிறது. முதல் சுற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக்கின் பாஸ் லினக்ஸ். (ஸ்டார்ட்டர் என்பது வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத விண்டோஸ். அதையும் மாற்றிக் காட்டிய பிள்ளைகள் இருந்தார்கள், அங்கேதான் பல பேருடைய கம்ப்யூட்டர் படிப்பு தொடங்கியது.) 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டதால், அந்த லேப்டாப் அப்படியே இருந்தால் உன் கேமை ஸ்டீமிலிருந்து இறக்கி ஆட வழியில்லை. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று வந்த அடுத்த அறிவிப்பின்படியான லேப்டாப்புகள் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று எவ்வளவோ தேவலை. ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு அவற்றிலும் கிடையாது. இன்னும் ஐந்தாறு வருஷத்துக்கு உன் ஊர்க்காரன் ஆடப்போகும் மேடை அதுதான்.

இப்போது அந்தக் கொஞ்ச உண்மைக்கு வருகிறேன். ஒரு கேமுக்குள் குறைத்துக்கொள்ளக் கூடியவை உண்டு, குறைக்கவே முடியாதவையும் உண்டு. விராலிமலைக் குறவஞ்சியை வைத்து நீ ஒரு ஆட்டம் செய்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரம், பாறை, அங்கே தோகை விரித்த ஒரு மயில். ஆண் மயிலின் தோகையில் ஏறக்குறைய 150 இறகு. ஒவ்வொன்றையும் விளிம்பு ஊடுருவித் தெரிகிற தனித்தனிப் படமாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாய் என்றால் என்ன ஆகும்? 1920-க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளி. தோகை கால்வாசித் திரையை அடைத்தால் 5 லட்சத்துச் சொச்சம். ஓரிடத்தில் சராசரியாகப் பத்து இறகு மடிந்து கிடந்தால், ஒரே ஃப்ரேமுக்கு 52 லட்சம் புள்ளியை அந்தச் சின்ன இன்டெல் சிப் கலந்து கலந்து எழுத வேண்டும். வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 31 கோடி. திரையில் இருப்பது ஒரே மயில், அதற்கே லேப்டாப்பின் ஃபேன் கத்தத் தொடங்கும். ஆனால் இதைச் சரிசெய்யப் புதுப் பெட்டி எதற்கு? மயில் தூரத்தில் இருக்கும்போது முழுத் தோகையும் ஒரே படமாக இருந்தால் போதும், கிட்டே வரும்போது மட்டும் முன்வரிசை இறகுகளைத் தனியாக விரி. தோகைக்கு என்று 4096-க்கு 4096 டெக்ஸ்சர் போட்டு அதைச் சுருக்காமல் விட்டாயானால், அது ஒன்றே 64 எம்பி. பாதி அளவுக்கு இறக்கினால் 16 எம்பி. போர்டோடு வரும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, விண்டோஸ் தின்றதுபோக மிச்சத்தைத்தான் அதுவும் தின்ன வேண்டும் என்பதை மறக்காதே.

அதே ஆட்டத்தில் குறவன் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான் என்று வை. குறவஞ்சி என்றால் பறவைக் கூட்டம் இறங்காமல் இருக்குமா? 2,000 பறவை, ஒவ்வொன்றும் மற்ற எல்லாப் பறவையும் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பறந்தால் ஃப்ரேமுக்கு 40 லட்சம் ஒப்பீடு. இது மயில் தோகை மாதிரி இல்லை. செட்டிங்ஸில் ‘லோ’ வைத்துப் பறவையை 200 ஆக்கினால், வலை வீசுகிற கணக்கே மாறிவிடும். புதுப் பெட்டிக்காரனுக்கு ஒரு ஆட்டம், பழைய பெட்டிக்காரனுக்கு வேறொரு ஆட்டம் என்றாகிவிடும். பழைய பெட்டி உண்மையாகவே கையைப் பிடிக்கிற இடம் இதுதான். சைபர்பங்க் 2077-க்கு நேர்ந்ததும் இந்த வகைதான். 2020 டிசம்பரில் அது பிளேஸ்டேஷன் 4-இல் திணறி, சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. நெரிசலான ஒரு நகரத்தைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து ஓட ஓட எடுத்துக் கொடுப்பது நிழலைக் குறைப்பதுபோல் சுலபம் இல்லை. 2023-இல் அதே கேம் கம்ப்யூட்டருக்கான குறைந்தபட்சத் தேவையில் எஸ்எஸ்டியைச் சேர்த்தது, பழைய பிளேஸ்டேஷனை விட்டுவிட்டது. அது நியாயமான வெட்டு என்பேன். ஆனால் அந்த இடத்துக்கு நீ வந்துவிட்டதாக முடிவு கட்டும் முன் ஒரு காரியம் பார். மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பறவையும் தன் கட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களையும் மட்டும் பார்க்கட்டும். ஒன்றுக்கு இருபது அண்டைப் பறவை என்றால் 40 லட்சம் 40 ஆயிரமாகிவிடும். இது பழைய வித்தை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பெட்டி பழசு என்று சொல்லப்படுகிற இடங்களில் பாதியில், செய்யாமல் விட்ட இந்த மாதிரி வேலைதான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

எல்லோரும் கீழ்ப்படிக்கே செய்துகொண்டிருந்தால் கலை எப்படி மேலே போகும் என்று கேட்பாய். கம்ப்யூட்டரில் கீழ்ப்படியும் மேல்படியும் ஒரே கேமுக்குள் இருக்கலாம், பிளேஸ்டேஷனுக்கு இல்லாத சௌகரியம் அது. 2007-இல் வந்த கிரைசிஸின் உச்ச செட்டிங்ஸை அந்த வருஷத்துப் பெட்டி எதுவும் வழுவழுவென்று ஓட்டியதில்லை, ஆனாலும் செட்டிங்ஸை இறக்கி ஆடினார்கள். அதே சைபர்பங்க், கம்ப்யூட்டரில் 1060 கார்டைப் பரிந்துரைத்த கேம், 2023 ஏப்ரலில் ஒவ்வொரு ஒளிக்கதிரையும் தடம்பிடித்துக் கணக்குப் போடுகிற பதிப்பையும் கொடுத்தது. 1060 வைத்திருந்தவன் இருந்ததால் அந்த வேலை நின்றுபோகவில்லை.

இந்த ஊரில் கம்ப்யூட்டரில் ஆடுகிறவன் யார், எல்லாம் போன்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான். அந்தப் போனையே பார். ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிற வகைதொகை கம்ப்யூட்டரைவிட மோசம், பழசும் மலிவும்தான் அதிகம். பழைய போன்களால் போன் கேம்கள் வராமல் நின்றன என்று யாராவது சொல்கிறார்களா? பப்ஜிக்கு லைட் பதிப்பு செய்தார்கள். ஃப்ரீ ஃபயர் சிற்றூர்கள் வரை பரவியதற்குச் சாதாரணப் போனில் ஓடியதும் ஒரு காரணம். கம்ப்யூட்டர் பக்கம்தான் இந்தக் கடமையைச் செய்யாமல் புலம்பலை வைத்திருக்கிறோம்.

தமிழில் உனக்கு முன்னோடி வேண்டுமென்றால் டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’வைப் பார். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நைந்து கிழிந்துபோய், பாதி எழுத்து இல்லை. இட்லித் தட்டை எந்த வாகில் அடுக்குவது என்பதே முதல் புதிர். கையால் வரைந்த சாயலில் படங்கள், பின்னால் தமிழ்ப் பாட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய கார்டு எதுவும் கேட்காது. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும், சுயேச்சைக் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசும் அதற்குக் கிடைத்தன. கண்ணைப் பறிக்கிற கிராபிக்ஸ் இல்லையே என்று அந்த நடுவர்கள் குறைப்படவில்லை.

உன் ஊர் சதிருக்குப் பேர்போன ஊர். அந்த ஆட்டத்துக்காக 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள் விராலிமலைக்காரர்தான். விளக்கு மங்கலாக இருந்தாலும் சதிரை ரசிக்கலாம், நட்டுவனார் தாளம் ஒரு இடத்தில் பிசகினால் ஜதி முழுக்கச் சரிந்துவிடும். கேமிலும் அப்படித்தான். 30 ஃப்ரேம் போதும் என்று முடிவு செய்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் 33 மில்லிசெகண்டுக்குள் முடியட்டும். ஒன்று 16-லும் அடுத்தது 50-லும் முடிந்தால் சராசரி அழகாக இருக்கும், ஆடுகிறவன் ‘லேக் ஆகுது’ என்று மூடிவிட்டுப் போய்விடுவான். அதனால் கேம் முடிந்த பிறகு பழைய பெட்டியில் போட்டுப் பார்ப்பது என்கிற பழக்கமே வேண்டாம். முதல் நாளிலிருந்து அதில்தான் செய். கோடோ எஞ்சின் இலவசம், அதன் ‘கம்பாட்டிபிலிட்டி’ முறை பழைய சிப்புகளை மனதில் வைத்துச் செய்ததுதான். பரணில் தூங்குகிற விலையில்லா லேப்டாப் ஒன்று உன் தெருவில் எந்த வீட்டிலும் கிடைக்கும். பேட்டரி செத்திருக்கும், சார்ஜரோடு சேர்த்து வாங்கி வை. முதலில் மயிலை மட்டும் தனியாக ஓட்டு, பிறகு பறவைக் கூட்டத்தைத் தனியாக. இரண்டுக்கும் ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று குறித்து எனக்கு எழுது. எதை இறக்குவது, எதில் கை வைக்கக் கூடாது என்பதை அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்