சனிக்கிழமைக் கணக்கு: ஆள் நேரமும் கைச்செலவும் ஒப்புவது எப்படி?



சரக்குக் கணக்கில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு மூட்டை உளுந்தில் எவ்வளவு கழிவு விழும் என்பதைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவோம். ஆனால் கடையில் வேலை பார்ப்பவர் நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார், கடைக் காரியமாகக் கைக்காசு எவ்வளவு செலவழித்தார் என்று கேட்டால், "சனிக்கிழமை பார்த்துக்கொள்வோம்" என்கிறோம். அந்தச் சனிக்கிழமைக் கணக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். முதலில் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட நாள். விருதுநகரிலிருந்து 60 மூட்டை பருப்பு வந்தது. ரத வீதிப் பக்கம் லாரியை விடவில்லை. ஆர்ச் அருகிலேயே நிறுத்தி, தள்ளுவண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு வர வேண்டியதாயிற்று. வழக்கமாக மூட்டைக்கு 5 ரூபாய் இறக்குக்கூலி. தூரம் அதிகம் என்று சுமைதூக்குவோர் 7 ரூபாய் கேட்டார்கள். கூட இருந்த எங்கள் ஊழியர் போனில் கேட்டார். நாங்கள் கடையில் கூட்டத்துக்கு நடுவே "கொடு, கொடு" என்று சொல்லியிருக்கிறோம். மொத்தம் 420 ரூபாய்.

சனிக்கிழமை அவர் கொடுத்த சீட்டில் 420 என்று இருந்தது. எங்கள் நினைவில் 5 ரூபாய்தான் நின்றது. 120 ரூபாயை அடித்துவிட்டு 300 என்று போட்டோம். "அண்ணாச்சி, நீங்கதான குடுன்னு சொன்னிய?" என்று ஒரு தடவை கேட்டார். நாங்கள் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றோம். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஆடி பிறந்ததும் வேறு கடைக்குப் போய்விட்டார். ஒன்பது வருடம் எங்களிடம் இருந்தவர். மார்ச் மாதம் ஆடிட்டருக்குக் கணக்கு எடுக்கும்போது, சுமைதூக்குவோர் தலைவர் கொடுத்த கைச்சாத்து கோப்பில் அகப்பட்டது. "தேர் அன்று இறக்கியது, மூட்டைக்கு 7" என்று தெளிவாக எழுதியிருந்தது. 120 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். வாங்கிக்கொண்டார், காபியும் கொடுத்தார். வேலைக்குத் திரும்பி வரவில்லை.

இதில் அவர் மீது ஒரு தவறும் இல்லை. செலவுக்கு முன் அனுமதி கேட்டார், சீட்டும் கொடுத்தார். அனுமதி கொடுத்ததை எழுதி வைக்காதது எங்கள் தவறு. நான்கு நாள் கழித்து நினைவை வைத்து வெட்டியது அதைவிடப் பெரிய தவறு.

கங்காணியும் செக்ரோலும்

ஆள் கணக்கில் இந்தச் சிக்கல் புதிதல்ல. நம் சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே விடியற்காலையில் 'பெரட்டு' என்று தொழிலாளரை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். மாலையில் கொழுந்தை நிறுத்து, செக்ரோல் என்ற பேரேட்டில் பெயர் போடுவார்கள். கங்காணிக்கு, வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இத்தனை காசு என்று தனியே கிடைத்தது. தலை கூடினால் அவருக்குக் காசு கூடும். அப்படிப்பட்டவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எந்தத் தோட்டமும் கூலி கொடுக்க முடியாது. காலையில் எண்ணுவது, மாலையில் நிறுப்பது, கணக்கப்பிள்ளை எழுதுவது, துரை பார்வையிடுவது என்று பல கைகள் நடுவே வந்தது இதனால்தான்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைநாள் கூலிதான். ஏன் அரைப்பேர் என்று கேட்க அவருக்கு இடம் கிடையாது. எழுதுகிறவர் கையில் அத்தனை அதிகாரம். முதலாளிக்கு வரும் நஷ்டத்தைத் தடுக்க நாலு கை வைத்தார்கள். தொழிலாளிக்கு வரும் நஷ்டத்தைத் தடுக்க ஒரு கைகூட வைக்கவில்லை. நம் கடைக்கு ஒப்புதல் முறை ஏற்படுத்தும்போது இந்த இரண்டையும் மனத்தில் வைக்க வேண்டும். பயன் பெறுகிறவரே ஒப்பக் கூடாது. வெட்டுகிறவர் காரணம் எழுதாமல் வெட்டக் கூடாது.

நேரக் கணக்கு

ஒரு சாதாரண நீள நோட்டு போதும். தேதி, பெயர், வந்த நேரம், சாப்பாட்டுக்குப் போய் வந்த நேரம், கடையை விட்ட நேரம், ஊழியர் கையெழுத்து, ஒப்புபவர் கையெழுத்து. வந்தவுடனே அவரவர் எழுத வேண்டும். மாலையில் மொத்தமாக எழுதினால் எல்லாரும் 9 மணிக்கு வந்து 8 மணிக்குப் போனதாகத்தான் இருக்கும். கடை பூட்டுமுன் முதலாளியோ கணக்கப்பிள்ளையோ பார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

மேல்நேரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு விகிதத்தில் ஊதியம். அந்த மேல்நேரத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையே ஒரு மணி ஓய்வு தர வேண்டும். ஊழியர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்ற திருத்தமும் 2021-இல் சேர்ந்தது. நம்மில் பலர் ஷட்டரை இறக்கிவிட்டால் வேலை நேரம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஷட்டரை இறக்கிய பின் மூட்டை அடுக்குவதும், மறுநாளுக்குப் பொட்டலம் போடுவதும் வேலை நேரம்தான். நோட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் மறைத்த நேரத்துக்கு, ஒரு நாள் ஊழியர் புகார் கொடுத்தால் நம்மிடம் காட்டச் சான்று ஒன்றும் இருக்காது.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் மேல்நேரத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்துவிடுவது நல்லது. இன்னின்னார், இன்ன தேதிகளில், இத்தனை மணி வரை என்று திங்கட்கிழமையே நோட்டில் எழுதிவிட்டால், வார முடிவில் 'யார் இருக்கச் சொன்னது?' என்ற பேச்சே வராது.

கைச்செலவு

செலவில் மூன்று படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் கடையில் 200 ரூபாய் வரை ஊழியரே செலவழித்துவிட்டு வவுச்சர் எழுதுகிறார். பஸ் கட்டணம், டீ, சாக்கு தைக்கும் சணல் எல்லாம் இதில் அடங்கும். 200-க்கு மேல் 1,000 வரை கல்லாவில் இருப்பவர் ஒப்ப வேண்டும். அதற்கு மேல் என்றால் செலவழிக்குமுன் முதலாளியைக் கேட்க வேண்டும். இந்தத் தொகைகள் எங்கள் வியாபாரத்துக்கு ஏற்றவை. நயினார்குளம் மார்க்கெட்டில் தினம் லாரி இறக்கும் மொத்தக் கடைக்கு இது போதாது. அம்பாசமுத்திரத்தில் ஒரே ஒரு ஆள் வைத்து நடத்தும் மளிகைக் கடைக்கு இது அதிகம். அவரவர் ஒரு மாதச் சில்லறைச் செலவை எடுத்துப் பார்த்து வரம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

முன் அனுமதி என்றால் கடிதம் எழுத வேண்டியதில்லை. "தேர் காரணமாக மூட்டைக்கு 7 கேட்கிறார்கள்" என்று ஊழியர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்ப, "கொடு" என்று நாம் பதில் போட்டால் போதும். தேதியும் மணியும் அதிலேயே விழுந்துவிடும். போனில் சொன்னால் மட்டும் போதாது. அதை எங்களைவிட நன்றாக உணர்ந்தவர் இருக்க மாட்டார்கள்.

சுமைகூலிக்கும் டீக்கும் எங்கே பில் கிடைக்கும் என்று கேட்பார்கள். பில் கிடைக்காத இடத்தில் நம் வவுச்சரே சான்று. யாருக்கு, எதற்கு, எந்த லாரிச் சரக்கு, எத்தனை மூட்டை, என்ன விகிதம் என்று எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெறுமனே 'கூலி 420' என்று எழுதிய வவுச்சர் பயன்படாது. 'இதர செலவு' என்று எழுதி வருவதையும் ஏற்க வேண்டாம். ஒரே செலவை வரம்புக்குள் கொண்டு வரத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. ஒரே நாளில், ஒரே ஆளுக்கு, ஒரே காரியத்துக்கு மூன்று வவுச்சர் வந்தால் நிறுத்தி விசாரியுங்கள்.

வருமான வரியிலும் இதே போன்ற வரம்பு இருக்கிறது. ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் தவிர, அது வியாபாரச் செலவாக ஏற்கப்படாது. 2017-க்கு முன் இது 20,000 ஆக இருந்தது. லாரி வாடகைக்கு மட்டும் 35,000. ஆகவே பெரிய தொகையை ஒப்புபவர், எதில் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ரொக்கமா, வங்கி வழியா, ஜி.பே.யா என்று.

யார் ஒப்புவது?

செலவழித்தவர் தன் வவுச்சரைத் தானே ஒப்பக் கூடாது. கல்லாவில் இருப்பவரின் செலவை முதலாளி ஒப்ப வேண்டும். சரி, முதலாளி கல்லாவிலிருந்து எடுப்பதை? அதையும் எழுத வேண்டும் என்கிறோம். பேரனுக்குச் சைக்கிள் வாங்க 3,000 எடுத்தாலும் 'சொந்தப் பற்று' என்று சிட்டையில் ஏற வேண்டும். நாம் எழுதாமல் எடுத்துக்கொண்டு, இரவு ரொக்கம் குறைகிறது என்று கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது நியாயமல்ல.

முகூர்த்த மாதங்களில் நாம் பாதி நாள் கல்யாண வீட்டில் இருப்போம். அதற்காக வவுச்சர்களைக் குவிய விடக் கூடாது. நாம் இல்லாத நாளில் ஒப்புபவர் இன்னார் என்று முன்பே சொல்லி வையுங்கள். மனைவி, மகன், மூத்த ஊழியர், யாராகவும் இருக்கலாம். அவருடைய சொந்தச் செலவு மட்டும் நாம் வரும்வரை காத்திருக்கட்டும். ஒருவரும் அகப்படாத ஒற்றை ஆள் கடையில், ஊழியர் எழுதி நாம் ஒப்புவதே இரண்டு கை ஆகிவிடுகிறது.

ஒப்ப முடியாவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். தொகையை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் இழுத்து, பக்கத்தில் காரணம் எழுதி, இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். 'மழையில் ஆட்டோ எடுத்தது சரி, 150 அதிகம், 100 கொடுக்கப்பட்டது' என்ற மாதிரி. அவருக்கு ஆட்சேபணை இருந்தால் அதையும் ஒரு வரி எழுதட்டும். அந்த 50 ரூபாயை நாலு நாள் கழித்துப் பேசினால் சண்டை. அன்றைக்கே பேசினால் பேச்சோடு போகும்.

கணினியில் டேலி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல் என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லை நாலு பேர் பயன்படுத்தினால், பதிந்தது யார், திருத்தியது யார் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. யார் எப்போது திருத்தினார் என்று பதியும் மென்பொருளையே கம்பெனிகள் வைக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். தனி உரிமையாளர் கடைகளுக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் அந்த வசதி நம் மென்பொருளில் இருந்தால் அணைத்து வைக்க வேண்டாம்.

வவுச்சர்களைத் தேதி வாரியாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்கிலும் ஓட்டலிலும் தரும் வழுவழுத்த தாள் பில்கள் சில மாதத்திலேயே வெளுத்துப் போகும். ஒப்பும் அன்றே அவற்றை ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோடு பின் போட்டு வைக்கவும்.