இரண்டு நிமிடத்தில் என்ன தோன்றும்?

சென்ற பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளுக்கு உடனடிப் பேச்சுப் போட்டி நடந்தது. நானும் நடுவர்களில் ஒருவன். சீட்டு எடுத்து, இரண்டு நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் 'குடை' என்று வந்தது. மேடையில் நின்றாள், ஒரு வார்த்தை வரவில்லை, கண் கலங்க இறங்கிவிட்டாள். பிறகு விசாரித்தேன். "மூணு விஷயம் தோணிச்சு தாத்தா, ஒண்ணும் நல்லா இல்லை" என்றாள்.

தோன்றவில்லை என்று அவள் சொல்லவில்லை, கவனியுங்கள். வந்ததையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்!

எங்கள் ரயில்வேயில் மூத்தவர்கள் சலிக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் 145 கண்களில், 120-க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் போயின. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் என்றது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது இ.ஸ்ரீதரனிடம் வந்தது. பாலக்காட்டுக்காரர், பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர்.

ஒவ்வொரு கர்டரும் நாற்பதடி. அத்தனையையும் புதிதாகச் செய்து கொண்டுவரக் காலம் எங்கே? விழுந்தவை கடலடியில்தானே கிடக்கின்றன! மீனவர் துணையோடு தேடிப் பலவற்றைத் தூக்கி மறுபடி தூண்களில் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. ஒரு வருடம் அவகாசம் இருந்திருந்தால் கடலுக்குள் யார் பார்த்திருப்பார்கள்? எல்லாம் புதிதாகவே வந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது.

வெறுங்கை முழம் போடாது. நேரம் குறைவென்றால் புதிதாக எதையும் தேடாமல், கையில் என்ன கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஆசுகவிகளும் அப்படித்தான். பொருளையும் பாவகையையும் அடுத்தவர் கொடுப்பார். கேட்ட மாத்திரத்தில் பாடுவார்கள். உள்ளே சொற்களஞ்சியம் நிறைந்திருந்ததால் முடிந்தது. (நம் வீடுகளில் பிள்ளைகளிடம் தமிழில் பேசாவிட்டால் அந்தக் களஞ்சியம் எப்படி நிரம்பும் என்பது வேறு கதை.)

இரண்டாவது, எண்ணங்களைச் சேர்க்கும்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது. அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953-இல் எழுதிய நூலில் இதை விதியாகவே வைத்தார். முதலில் எண்ணிக்கை, குறை காண்பது பிறகு.

வீட்டில் பழக்கிப் பாருங்கள். கடிகாரத்தை முன்னால் வையுங்கள். செம்பு, செருப்பு, பஸ் டிக்கெட் என்று ஏதாவது ஒரு பொருள். ஒன்றரை நிமிடம் தோன்றியதையெல்லாம் எழுத வேண்டும், அடித்தல் கூடாது. மலையாளச் சொல் வந்தாலும் எழுதட்டும், பிறகு மாற்றலாம். கடைசி அரை நிமிடத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும். நீங்களும் கூட உட்கார்ந்து எழுதுங்கள். பெரியவர்கள் திணறுவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்.

அந்தச் சிறுமியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி 'குடை' என்றேன். பதினொன்று எழுதினாள். ஏழாவது, நாகர்கோவிலிலிருந்து வரும்போது பாட்டி பஸ்ஸில் மறந்துவிட்ட குடை. அதை வைத்து நாலு நிமிடம் பேசினாள். நான்தான் மணி அடிக்க மறந்துவிட்டேன்.