மழை வலுக்கும் முன் ஸ்டார்ட்டிங் கோளாறைத் தீர்த்துவிடுங்கள்

அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நம்மை விடாது. ‘ஒரு நாள் தொட்டதும் எடுக்குது, மறுநாள் நாலு தடவை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கு’ என்ற நிலையில் உங்கள் கார் இருந்தால், அதைப் பார்க்க வேண்டிய வாரம் இதுதான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு போனட்டைத் திறக்கும் நிலைக்கு விடாதீர்கள்.

இந்த வகைக் கோளாறில் பெரிய தொல்லை, மெக்கானிக் முன்னால் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதுதான். அவரும் ஊகத்தில் முதலில் பேட்டரியை மாற்றுவார், பிறகு செல்ஃப் மோட்டாரை, பிறகு பெட்ரோல் பம்பை. பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே இன்று முதல் ஒரு சீட்டை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வண்டி முரண்டு பிடிக்கும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள்: காலைக் குளிரிலா, ஓடி நின்ற சூட்டிலா, மழைக்குப் பிறகா? என்ன சத்தம் வந்தது? அந்த நேரம் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்ததா, மங்கியதா?

பாதி விடை சத்தத்திலேயே கிடைத்துவிடும். ‘டகடகடக’ என்று அடித்து விளக்குகள் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. விளக்குகள் பிரகாசமாக இருக்க ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் சந்தேகம் செல்ஃப் மோட்டார், அதன் சாலினாய்டு பக்கம் போகும். சத்தமே இல்லையா? கிளட்ச்சை முழுதாக மிதித்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை நியூட்ரலில் வைத்து முயலுங்கள். மீட்டரில் சாவிப் படம் மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல மாடல்களில் சாவியையே பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துவிடும்.

பேட்டரியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அதைக் கெடுப்பது மழை இல்லை, கோடை. கத்திரி வெயிலில் உள்ளே நீர் வற்றி, ஈயத் தகடுகள் அரித்துப்போகின்றன. பாதிப்பு அப்போது வெளியே தெரியாது. ஐப்பசி மழையில் வைப்பர், ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஓட, போக்குவரத்து நெரிசலில் டைனமோவும் மந்தமாகச் சுற்ற, கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மூன்று வயதைத் தாண்டிய பேட்டரி என்றால் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் நல்லது, 12.2 பாதிக் கையிருப்பு. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் புதுப் பேட்டரி வாங்குவதும் வீண், டைனமோவைப் பாருங்கள்.

ஆனால் பேட்டரிக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் டெர்மினல்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, சோடா உப்பு கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, மைனஸைக் கடைசியாக மாட்டி, வாசலைன் தடவுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளையும் மறக்காதீர்கள். ‘சில நாள் எடுக்குது, சில நாள் இல்லை’ என்பதற்கு மிக மலிவான காரணம் அதன் துருப்பிடித்த போல்ட்டாகவே இருக்கலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் வண்டியில் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு நொடி ‘ம்ம்’ என்ற பம்ப் சத்தம் வர வேண்டும். குளிரில் ஒழுங்காக எடுத்து, ஓடி நின்ற சூட்டில் அடம்பிடித்து, ஆறியபின் சரியாகும் வண்டியில் கிராங்க் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் என்றால் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை மழைக்கு முன் வடித்துவிடுங்கள்.

இன்னொரு மழைக்கால விருந்தாளி எலி. வயர் கடிபட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை போனட்டைத் திறந்து பாருங்கள். புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுவோர் உண்டு. எலிகள் அதற்கு அஞ்சுவதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் வெள்ள எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறார்கள். அப்படி நாள்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் டேஷ்கேமைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் அது பேட்டரியை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இத்தனை சோதனைகளுக்கும் தண்ணீருக்குள் நின்ற கார் மட்டும் விதிவிலக்கு. இன்ஜின் வரை நீர் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளிவிட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது, அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.